கும்பகோணத்திலிருந்து திருவெறும்பூருக்கு தினமும் ரயிலில் போய் வர முடியுமா?

கேள்வி இதுதான்: வீடு கும்பகோணத்தில், புதிதாகக் கிடைத்த வேலை திருச்சிக்குப் பக்கத்துத் திருவெறும்பூரில். தினமும் ரயிலில் போய் வரலாமா? தங்கைக்குத் திருவாரூரில் கல்லூரி, அவருக்கும் ரயில் சரிப்படுமா? கூடவே ஓர் ஆதங்கம்: டெல்டாவில் இத்தனை பாதைகள் இருந்தும் சென்னை மாதிரி லோக்கல் ரயில் ஏன் ஓடவில்லை?

போய் வரலாம். ஆனால் கும்பகோணம்–தஞ்சாவூர் ஒரு ரயில், தஞ்சாவூர்–திருச்சி வேறொரு ரயில் என்று மனத்தில் பிரித்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன்னது 39 கி.மீ., ஒற்றைப் பாதை. பின்னது 50 கி.மீ., இரட்டைப் பாதை. டெல்டா ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் நிம்மதியும் எரிச்சலும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கின்றன. மின்சாரம் வந்ததா, புதுப் பெட்டி வந்ததா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

கும்பகோணம்–திருச்சி 89 கி.மீ. எக்ஸ்பிரஸ் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், எல்லா ஊரிலும் நிற்கும் வண்டி என்றால் இரண்டேகாலிலிருந்து இரண்டரை. அட்டவணை இப்படிச் சொன்னாலும், பாசஞ்சரில் போகும் நாட்களில் இன்னும் இருபது நிமிடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது நிமிடம் பாபநாசத்திலோ வேறு ஏதாவது கிராஸிங் ஸ்டேஷனிலோ கரையும்.

ஒற்றைப் பாதையில் இரண்டு கிராஸிங் ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே வண்டி வந்தால் இரண்டில் ஒன்று லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் உள்ள பக்கப் பாதையில், ஒதுங்கியாக வேண்டும். வேகமாக வரும் வண்டி லூப்புக்குள் நுழைய 30 கி.மீ. வேகத்துக்கோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும். உள்ளே போய் நின்று, எதிர் வண்டி தாண்டி, தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயின்ட் மாறி, சிக்னல் விழுந்து, பிறகு நகர வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலே எட்டுப் பத்து நிமிடம் போய்விடும். எதிர் வண்டி தாமதம் என்றால் அந்தத் தாமதம் அப்படியே உங்கள் வண்டிக்கு வந்து சேரும். பெரும்பாலும் ஒதுங்குவது பாசஞ்சர்தான். எக்ஸ்பிரஸை நிறுத்திவிட்டுப் பாசஞ்சரை விட ஒரு கண்ட்ரோலரும் துணிய மாட்டார்.

ஆகவே காலையில் கைப்பேசியில் உங்கள் வண்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில் பாதிப் பயன்தான். உங்கள் வண்டிக்கு எதிரே வருகிற வண்டி எங்கே என்றும் பாருங்கள். வழக்கமான கிராஸிங் எந்த ஊரில் என்பது ஒரு வாரம் போய் வந்தாலே மனப்பாடமாகிவிடும். எதிர் வண்டி அரை மணி தாமதம் என்று தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: கிராஸிங் ஒரு ஸ்டேஷன் முன்னுக்கு நகர்ந்து நீங்கள் நேரத்துக்குப் போவீர்கள், அல்லது நடு வழியில் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவதற்கான அறிகுறி தெரிந்தால் கும்பகோணத்திலேயே பேருந்து ஏறிவிடுவது புத்திசாலித்தனம். தஞ்சாவூருக்குச் சில நிமிடங்களுக்கு ஒரு பேருந்து இருக்கிறது. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு மனம் மாறினால் பயனில்லை. வழியில் பசுபதிகோவில் மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி நிற்பது எந்தத் தீர்வும் இல்லை.

இன்னொரு காரணம் நெல். கொள்முதல் காலத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர் என்று பல இடங்களிலிருந்தும் அரவைக்காக நெல் மூட்டைகள் சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்குப் போகும். 21 வேகன் கொண்ட அரை ரேக்கில் (ரேக் என்பது ஒரு முழு வண்டியின் பெட்டித் தொகுதி) சுமார் 1,250 டன் என்பது செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கும் கணக்கு. வேகன் நிற்கும் லூப்பில் கிராஸிங் வைக்க முடியாது. அப்போது பக்கத்து ஸ்டேஷனுக்குத் தள்ள வேண்டும், அதாவது இன்னொரு 10 கி.மீ. காத்திருப்பு. திருவாரூர்–தஞ்சாவூர் பாதையில் இதோடு காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டிகளும் சேரும். அறுவடைக் காலத்தில் பாசஞ்சர் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுகிறவர்கள், அந்த ரேக்கில் போவது நம் வயல் நெல் என்பதை மறந்துவிடுகிறோம்.

அதே அறுவடைக் காலத்தில் ரயில்வே கேட்டும் ஒரு தலைவலி. டெல்டாவில் வாய்க்கால் கரை எல்லாம் சாலை, ஆகவே தண்டவாளத்தைக் கடக்கும் சாலைகளும் ஏராளம். இன்டர்லாக் செய்த கேட்டில், கேட் முழுதாக மூடிப் பூட்டாமல் வண்டிக்குப் பச்சை விழாது. அறுவடை இயந்திரம் தண்டவாளத்துக்கு நடுவே திணறி நின்றாலோ, வைக்கோல் லாரி உயரத் தடுப்பில் இடித்து மாட்டிக்கொண்டாலோ, கேட்கீப்பர் கேட்டை மூட முடியாது. உங்கள் வண்டி நடுக்காட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது, அதனால் அந்த உயரத் தடுப்பைக் கழற்றச் சொல்லவும் முடியாது. கேட் என்றால் நீடாமங்கலம் நினைவுக்கு வராமல் போகாது. தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி மூன்று பக்கமும் பாதை பிரியும் ஜங்ஷன் அது. வண்டி வருவது போக என்ஜின் மாற்றுவதற்கும் வேகன் ஒதுக்குவதற்கும் கூட நெடுஞ்சாலைக் கேட்டை மூடவேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வருவதற்குள் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள். பாலம் பெரும்பாலும் தாங்கும், தொல்லை தருவது மண். களிமண் தளத்தில் தண்ணீர் வடியாமல் நின்றால் ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சேறு ஜல்லிக்குள் ஏறும். ஜல்லி இறுகி, ஸ்லீப்பர் தாழ்ந்து, தண்டவாளம் தொய்யும். அந்த இடத்தில் காஷன் என்ற எச்சரிக்கை உத்தரவு போட்டு 30 கி.மீ.க்கோ 20 கி.மீ.க்கோ வேகத்தைக் குறைப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் தாமதம் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேதாரண்யம் பக்கம் போனால் சேற்றோடு உப்புக்காற்றும் சேர்ந்து தண்டவாளத்தின் அடிப்பாகத்தையும் கிளிப்புகளையும் அரிக்கும்.

தஞ்சாவூரைத் தாண்டியதும் காட்சி மாறும். ஆலக்குடி, பூதலூர், ஐயனாபுரம், சோளகம்பட்டி, தொண்டைமான்பட்டி, திருவெறும்பூர் என்று வண்டி தடையின்றி ஓடும். எதிர் வண்டிக்குத் தனிப் பாதை இருக்கிறது. உங்கள் நல்ல காலம், திருவெறும்பூரில் இறங்கிவிடுகிறீர்கள். திருச்சி ஜங்ஷன் வரை போகிறவர்களுக்குத்தான் பொன்மலை அவுட்டர், அதாவது ஜங்ஷனுக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கும் இடம், காத்திருக்கிறது. சென்னையிலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக வரும் கார்டு லைன், ஸ்ரீரங்கமும் திருச்சி டவுனும் தாண்டிப் பொன்மலைக்குத்தான் வருகிறது. தஞ்சாவூர்ப் பாதையும் அங்கேதான் வருகிறது. காலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் குவியும்போது, ஜங்ஷனில் பிளாட்பாரம் காலியாகும்வரை தஞ்சாவூர் வண்டி பொன்மலையில் நிற்கும். ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தில் நடக்கத் தொடங்குவார்கள். அதைச் செய்யாதீர்கள். பக்கத்துப் பாதையில் வருகிற மின்சார என்ஜினின் சத்தம், நீங்கள் நினைப்பதைவிடத் தாமதமாகத்தான் காதில் விழும்.

திருவெறும்பூருக்கு ஒரு சிக்கல் உண்டு: பல எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பதில்லை. உங்களுக்கு மூன்று வழி. நேராகப் போகும் பாசஞ்சர் ஒன்று. எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் வந்து அங்கிருந்து மெமுவோ (குறுகிய தூரத்துக்கு நின்று நின்று போகும் மின்சார ரயில்) பாசஞ்சரோ பிடிப்பது இன்னொன்று. எக்ஸ்பிரஸில் திருச்சிக்கே போய்ப் பேருந்தில் பத்து கி.மீ. திரும்பி வருவது மூன்றாவது. இரண்டாவது வழி நல்லதாகத் தோன்றும், ஆனால் தஞ்சாவூரில் ஒரு வண்டிக்காக இன்னொரு வண்டியை நிறுத்தி வைக்க மாட்டார்கள். குறைந்தது 20 நிமிட இடைவெளி இல்லாத இணைப்பை நம்பாதீர்கள். எது வாய்த்தாலும் சீசன் டிக்கெட்டை கும்பகோணம்–திருச்சி என்றே எடுங்கள். திருவெறும்பூர் வரை எடுத்தால் மிச்சமாகும் காசு கொஞ்சம்தான். வண்டி அங்கே நிற்காத நாளில் அந்த மிச்சம் அபராதமாகப் போய்விடும்.

சீசன் விதிகளைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 150 கி.மீ. வரை சீசன் எடுக்கலாம், ஆகவே உங்கள் 89 கி.மீ.க்குத் தடையில்லை. மாதச் சீசனைவிட மூன்று மாதச் சீசன் கணக்குப் பார்த்தால் மலிவு. முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம், முதல் தேதிக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது. காலியாக இருந்தாலும் செல்லாது. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதல். சோழன் எக்ஸ்பிரஸ் இப்போது சூப்பர்பாஸ்ட் வண்டி, அதில் ஏறச் சீசனோடு சூப்பர்பாஸ்ட் கட்டணமும் தனியே கட்டியிருக்க வேண்டும். கோயம்புத்தூர் ஜன் சதாப்தி முழுக்க முன்பதிவு வண்டி, அதன் பக்கமே சீசன்காரர்கள் போகக் கூடாது. மாறாக, மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் முன்பதிவில்லா வண்டி. பெயரில்தான் எக்ஸ்பிரஸ், நடைமுறையில் நம் மக்களின் பழைய திண்டுக்கல் பாசஞ்சர்தான்.

சீசன் எடுக்காத நாளில் சாதாரண டிக்கெட் எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 199 கி.மீ. வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டில், வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். அந்த ஊருக்கு அதற்குப் பிறகுதான் முதல் வண்டி என்றால் அதுவரை செல்லும். காலையிலேயே மாலைக்கும் சேர்த்து வாங்கி வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. கைப்பேசியில் காகிதமில்லா டிக்கெட் எடுப்பதானால் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. அதை ரத்து செய்யவும் முடியாது. பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயிலாக்கி 30 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் வாங்கிய கொரோனா கால ஏற்பாடு 2024 தொடக்கத்தில் முடிந்து, பழையபடி 10 ரூபாய் ஆகிவிட்டது. ஆனால் அந்த 10 ரூபாய் டிக்கெட் எக்ஸ்பிரஸுக்குச் செல்லாது. ஒரே பிளாட்பாரத்தில் இரண்டும் வருவதால் இந்தத் தவறு தினமும் நடக்கிறது.

தங்கை விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ரயிலைச் சொல்ல மாட்டேன். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நேர்ப் பாதையே இல்லை. மயிலாடுதுறை போய்ச் சுற்றினால் 31ம் 39ம் ஆக 70 கி.மீ., தஞ்சாவூர் வழியாக 39ம் 55ம் ஆக 94 கி.மீ. குடவாசல் வழியாகப் பேருந்தில் ஏறக்குறைய 40 கி.மீ.தான். டெல்டா ரயில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் மூன்றும் முக்கோணத்தின் மூலைகள். விளிம்பில் இருக்கிற ஊர்களுக்கு ரயில் வசதி, நடுவில் குறுக்கே போகிறவர்களுக்குப் பேருந்து. தங்கை தஞ்சாவூரிலோ கொரடாச்சேரியிலோ இருந்திருந்தால் பதில் வேறு. அப்படி ரயில் சரிப்படுகிற மாணவிகள் இதைத் தவற விடக் கூடாது: பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும், 12ஆம் வகுப்பு வரை மாணவர்களுக்கும், வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். கல்லூரியில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிய படிவத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி ஆதங்கத்துக்குப் பதில். சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. அது மின்சாரத்தால் மட்டும் ஓடவில்லை, லோக்கலுக்கென்றே தனிப் பாதை இருப்பதால்தான் நிமிடக் கணக்கில் ஓடுகிறது. டெல்டாவுக்கு ரயில் அதைவிட எழுபது ஆண்டு முந்தியே வந்தாயிற்று. நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861இல் திறந்தது, அடுத்த ஆண்டே திருச்சி வரை வந்துவிட்டது. முதலில் போட்டது அகலப் பாதை. 1870களில் அதை மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். பிறகு மறுபடி அகலமாக்கினோம். துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்ட பாதை அது. மயிலாடுதுறை வழிப் பாதை சென்னைக்குப் போகிற நீண்ட தூர வண்டிகளுக்கானது, இன்றுவரை அதன் பெயரே மெயின் லைன். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்துப் போட்ட பாதை டெல்டாவில் ஒன்றும் இல்லை. அகலமாக்கும் வேலையும் துண்டு துண்டாக நடந்தது. மயிலாடுதுறை–திருவாரூர் 2012இல்தான் முடிந்தது. பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர்–காரைக்குடிக்கு 2019இல் வண்டி விட்டபோது கேட்டுகளுக்கு ஆளில்லாமல், வண்டியிலேயே கேட்கீப்பர் போய், இறங்கிக் கேட்டை மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் கூத்து நடந்தது. 149 கி.மீ.க்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். அதே பாதையில் 2025 ஏப்ரலில் தாம்பரம்–ராமேசுவரம் பாம்பன் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளிக்கு 2023இல் வண்டி திரும்பியது. பேரளம்–காரைக்கால் 23 கி.மீ.யும் மறுபடி போட்டாயிற்று. தரங்கம்பாடிப் பாதை 1980களில் மூடியது மூடியதுதான்.

ஆக, பாதைப் பஞ்சம் இல்லை. லோக்கல் சேவைக்கு என்ன வேண்டும் என்று கணக்கே போட்டுப் பார்க்கலாம். மெமு வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, என்ஜின் மாற்ற வேண்டாம். மோட்டார் பல பெட்டிகளில் பரவியிருப்பதால் நின்றதும் சட்டென வேகமெடுக்கும். எட்டு நிறுத்தம் உள்ள பாதையில் அந்தச் சட்டென்ற எடுப்பே பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கும். திருச்சி–தஞ்சாவூர் 50 கி.மீ.க்கு ஒரு மணி பத்து நிமிடம், ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பக் கிளம்ப இருபது நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்று மூன்று மணி. மணிக்கு ஒரு வண்டி விட மூன்று ரேக் போதும், பராமரிப்புக்கு ஒன்று கூடுதல். இரட்டைப் பாதை என்பதால் கிராஸிங் கவலையும் இல்லை.

இதையே மயிலாடுதுறை வரை 120 கி.மீ.க்கு நீட்டினால் போக மூன்று மணி, ஒவ்வொரு முனையிலும் நிற்கும் நேரம் அரை மணி, சுற்று ஏழு மணி. ஏழு ரேக்கும் ஓர் உபரியும் வேண்டும். ரேக் கிடைத்தாலும், தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒற்றைப் பாதையில் ஒவ்வொரு மெமுவும் அரை மணிக்கு ஓர் எதிர் மெமுவைச் சந்திக்கும். 70 கி.மீ.க்குள் மூன்று கிராஸிங், அதோடு எக்ஸ்பிரஸ்கள், நெல் ரேக்குகள். ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினால் மாலைவரை எல்லா வண்டியும் பிந்தும். தஞ்சாவூர்–மயிலாடுதுறை–விழுப்புரம் இரட்டைப் பாதை கேட்டு மக்கள் விடாமல் மனுக் கொடுப்பதன் பொருள் இதுதான். கும்பகோணத்துக்கு 2028இல் மகாமகம் வேறு வருகிறது.

பிளாட்பாரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மெமுவில் படிக்கட்டு உண்டு, ஆனால் தரையோடு தரையாகப் பிளாட்பாரம் உள்ள சின்ன ஸ்டேஷனில் கூடைக்காரப் பெண்ணும் மூட்டுவலிக்காரரும் ஏறி இறங்கும் நேரம் ஒரு நிமிட நிறுத்தத்தை இரண்டாக்கிவிடும். பிளாட்பாரத்தை உயர்த்துவது தண்டவாளம் போடுவதைவிடப் பல மடங்கு மலிவு, ஆனால் திறப்பு விழா நடத்தும் அளவுக்கு அதில் பெருமை இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது: முதல் மாதம் சாதாரண டிக்கெட்டிலேயே போய் வாருங்கள். காலையில் ரயில், மாலையில் தஞ்சாவூர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று கலந்து பாருங்கள். திரும்பும்போது தாமதம் கூடுதலாக இருக்கும். பகல் முழுதும் சேர்ந்த தாமதங்கள் மாலை வண்டியில்தான் வந்து விடியும். தஞ்சாவூர் ரயில் நிலையத்துக்குப் பழைய பேருந்து நிலையம் பக்கம், புதிய பேருந்து நிலையம் நாலைந்து கி.மீ. தள்ளித் திருச்சி சாலையில். கும்பகோணம் பேருந்து எங்கே ஏறுவது என்பதை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது வேலை நாளில் பதினைந்து நாளாவது ரயில் உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மூன்று மாதச் சீசன் எடுங்கள். அதற்குக் குறைந்தால் பூதலூரிலோ தஞ்சாவூரிலோ வாடகை வீடு பார்க்கலாம். இரட்டைப் பாதைமேல் குடியிருக்கிறவருக்குக் காலையில் அரை மணித் தூக்கம் கூடுதல்.